வெறும் வண்டி எடை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, பெனிட்டா பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் போனிலிருந்து செவியாள் வழக்கம்போல வாரத்துப் பிழிவைச் சொல்ல ஆரம்பித்தது. எறும்புகள் எப்படிச் சண்டை போடுகின்றன, தூக்கத்தில் நடப்பவர்களின் மூளையில் என்ன நடக்கிறது, கேழ்வரகு எங்கிருந்து வந்தது, முதல் மூக்குக்கண்ணாடியை யார் போட்டுக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. கடைசியில், "இன்றைய சரக்கு: இந்த வாரம் புதிய அத்தியாயம் இல்லை" என்றது.

பன்னிரண்டாவது வாரமாக அதே வாக்கியம். அந்த பாட்காஸ்ட்டைப் பேசிக்கொண்டிருந்த மனிதர் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் செத்துப்போனது செவியாளுக்குத் தெரியாது. பெனிட்டாவுக்குத் தெரியும். அவர் அவளுடைய அப்பா. பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது ஒரு விநாடி வேலை. வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரோ அதைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தாள்.

செவியாளை இன்னும் வாங்காத புண்ணியவான்கள் நாலு பேர் எங்கேயாவது இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பாட்காஸ்ட் என்றால் யாரோ சிலர் பேசுவார்கள், நிறையப் பேர் கேட்பார்கள். பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மீன்முள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்பதற்கு நாற்பது பாட்காஸ்ட், நகவெட்டியின் வரலாற்றுக்கு ஒன்பது, காக்கைகளின் பஞ்சாயத்துக்கு ஆறு. உலகத்தில் பேசப்படாத விஷயம் என்று ஒன்று மிச்சமில்லை. கேட்கத்தான் ஆள் இல்லை. அப்போது தரமணியில் ‘பிழிவு’ என்ற கம்பெனி செவியாளைக் கொண்டுவந்தது. உங்களுக்குப் பதிலாக அது கேட்கும். ஒரு மணி நேரப் பேச்சில் விஷயம் எதுவோ அதை மட்டும் மூன்று வரியில் உங்கள் காதில் போடும். ஒருவர் முந்நூறு பாட்காஸ்ட் வரை பின்தொடரலாம். போனில் வரும் மெசேஜ்களையும் அதுவே பிழிந்துவிடும். லிஃப்ட் ஏறி இறங்குவதற்குள் எறும்பும் மூக்குக்கண்ணாடியும் முடிந்துவிடும். ஜனங்கள் ஆஹா என்றார்கள்.

அந்தக் கம்பெனியில் பெனிட்டா சாதாரண ஆள் இல்லை. செவியாளின் முதல் வடிவம் படு மோசமாக இருந்தது. "தொகுப்பாளர் வணக்கம் சொன்னார், இருமினார், தன் மைத்துனருக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார்" என்றெல்லாம் பிழிந்து கொடுத்தது. எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "வண்டி எடையைக் கழிச்சிட்டா சரக்கு எடை வந்துடும்" என்று சொன்னவள் பெனிட்டாதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எதிரே இருந்த எடைமேடையில் அவள் அப்பா இன்னாசிமுத்து முப்பத்தாறு வருஷமாகச் செய்த வேலை அது. லோடு ஏற்றிய லாரியை மேடையில் நிறுத்தி ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு எடை. இதில் அதைக் கழித்தால் சரக்கு. பேச்சிலும் அப்படித்தான் என்றாள். விஷயம் சரக்கு. வணக்கம், இருமல், சொந்தக் கதை, நடுவில் யோசிக்கும் நேரம் எல்லாம் வண்டி. அந்த விதிக்கு வெற்றெடை என்று பெயர் வைத்தாள். கைதட்டினார்கள், பெரிய அறை கொடுத்தார்கள்.

வெற்றெடை வெளியான வாரத்தில் அவள் அம்மா ரோஸ்லின் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்பது நாள். பெனிட்டா தினமும் வீட்டுக்குப் போன் பண்ணினாள். அப்பா தினமும், "அம்மாவுக்கு லேசா காச்சலு, ஒறங்குதா. நீ வேலையப் பாரு" என்றார். பத்தாவது நாள் வந்த போன் வேறு மாதிரி இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி மூட ஆயத்தமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால், "ஏன்ப்பா மறைச்சீங்க? ஏன் மறைச்சீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவள் திரும்பிவிட்டாள். அதன் பிறகு, அவர் சாகும்வரை ஏறத்தாழ மூன்று வருஷம், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அம்மா செத்து மூன்று மாதம் கழித்துத்தான் ‘இன்றைய சரக்கு’ ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி வராது. எடைமேடைக் கேபினில் உட்கார்ந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு சரக்கு என்று இன்னாசிமுத்து பேசினார். கொப்பரை, நிலக்கரி, முந்திரிக்கொட்டை, காற்றாலை இறக்கை, வெளிநாட்டுப் பழைய பேப்பர், மாட்டுத்தோல். முப்பத்தாறு வருஷமாக எட்டு மாநிலத்து டிரைவர்களிடம் வாயைக் கிளறிச் சேர்த்த விஷயம் அவரிடம் மலைபோலக் கிடந்தது. பெனிட்டா முதல் வாரமே தன் பெயரிலேயே அதைப் பின்தொடர ஆரம்பித்தாள். தன் கேள்விக்கு என்றைக்காவது பதில் சொல்வார் என்று நினைத்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். காரணம் ஒன்று போதும்.

தன் காதால் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் அழுகை வரும், அழுதால் கோபம் போய்விடும். கோபம் போவதில் அவளுக்கு இஷ்டம் இல்லை. அதனால் செவியாளைக் கேட்கவிட்டாள். அது வாராவாரம் கொப்பரையைச் சொன்னது, நிலக்கரியைச் சொன்னது. நூற்று நாற்பத்தொரு வாரமும் அவள் பெயர் வரவில்லை. அம்மா பெயரும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று முடிவு கட்டிவிட்டாள். செத்துப்போனபோது போனாள், மண் போட்டாள், வந்துவிட்டாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது போன் அடித்தது.

"ஏம்மா பெனி, நான் மாசாணம் பேசுதேன். எடமேட எதுத்தாப்புல டீக்கட மாசாணம்."

"சொல்லுங்க மாமா. சொகமா இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒண்ணுமில்லம்மா, கேபின இடிக்காவ. ஆளில்லாம தானா எட போடுத மிசினு வருதாம். அண்ணாச்சி சாமானெல்லாம் எடுத்து நம்ம கடையில வச்சிருக்கேன். ஒரு மைக்கு, காதுல மாட்டுதது, இடுப்புல கட்டுத சாரம் ரெண்டு, ஒங்கம்மா படம். பார்சல்ல போட்டுவிடட்டா?"

"வேண்டாம் மாமா. நானே வந்து எடுத்துக்கிடுதேன்." சென்னை வந்து பதினோரு வருஷமாகியும் மாசாணத்திடம் பேசினால் அந்த ஊர் நாக்கு தானாக வந்துவிடும்.

"சரிம்மா." அவர் போனை வைக்கவில்லை. "ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டியே?"

"கேளுங்க."

"அண்ணாச்சி எப்பமும் கதவத் தொறந்து போட்டுத்தான் பேசுவாவ. நான் டீயக் கொண்டுக்கிட்டுப் போவேன், வருவேன், அவ்வோ பாட்டுக்குப் பேசுவாவ. சாவுததுக்கு ஒம்பது நாளு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம கதவ சாத்திட்டாவ. உள்ள வராதலன்னுட்டாவ. முக்கா மணி நேரம். வெளிய வாறப்போ கண்ணு ரெண்டும் செவசெவன்னு கெடக்கு. என்ன அண்ணாச்சின்னேன். 'எம் மவ ஒண்ணு கேட்டால்லா, ஏன் மறைச்சீங்கன்னு, அதுக்கு இன்னைக்குத்தான் பதில் சொன்னேன்'ன்னாவ."

பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மறுநா காலைல போனத் தூக்கிக்கிட்டு ஓடி வாறாவ. 'மாசாணம், பெனி கேட்டுட்டாடே, கடைசி வரைக்கும் கேட்டுட்டா, பாரு பச்ச டிக்கு விழுந்துருக்கு'ன்னு சின்னப்புள்ள கணக்கா காட்டுதாவ. கடையில இருந்த அம்புட்டு பேருக்கும் அவ்வோ செலவுல டீ. நீ கேட்டேல்லா? எனக்கு வெசயம் வேண்டாம், அது ஒங்க ரெண்டு பேருக்குள்ள. நீ கேட்டியா இல்லையான்னு மட்டுந்தான். மனசுக்குள்ள கெடந்து உறுத்துது."

"கேட்டேன் மாமா" என்றாள் பெனிட்டா.

"அது போதும்மா" என்று மாசாணம் வைத்துவிட்டார்.

அவள் செவியாளின் பழைய பிழிவுகளைத் திறந்தாள். நூற்று நாற்பதாவது அத்தியாயம், தலைப்பு காலி கன்டெய்னர். ‘இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றின் வெறும் எடை ஏறத்தாழ இரண்டேகால் டன். இறக்குமதி குறைந்த துறைமுகங்களுக்கு ஏற்றுமதிக்காகக் காலிப் பெட்டிகளைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. காலிப் பெட்டியைச் சுமப்பதற்கும் கப்பலுக்கு இடம் வேண்டும்.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், இன்னொரு வரி இருந்தது. எல்லாப் பிழிவின் அடியிலும் அது இருக்கும். யாரும் படிக்கமாட்டார்கள் என்று அந்த எழுத்தை அத்தனை சிறிதாக வைக்கச் சொன்னதே அவள்தான்.

‘கழிக்கப்பட்டது: 31 நிமிடம் 20 விநாடி. காரணம்: பொருளுக்கு வெளியே. வகை: குடும்பம்.’

மொத்த அத்தியாயமே முப்பத்தொன்பது நிமிடம்தான்.

மேலே தள்ளிப் பார்த்தாள். நிலக்கரியின் அடியில் இரண்டு நிமிடம் பத்து விநாடி, குடும்பம். மாட்டுத்தோலின் அடியில் மூன்று நிமிடம், குடும்பம். முதல் அத்தியாயம் கொப்பரை. அதன் அடியில் நாற்பது விநாடி, குடும்பம். எல்லா வாரமும் இருந்தது. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. ஆட்டோ பிடித்துத் தரமணிக்குப் போனாள்.

அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை முறை தௌபீக்குடையது. ஒலிக்கிடங்கு அவன் பொறுப்பு. காயல்பட்டினத்துக்காரன். பெனிட்டாவோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தான்.

"என்ன பெனிட்டா, லீவு நாள்ல?"

"ஒரு அத்தியாயத்தோட மூல ஒலி வேணும் தௌபீக். இன்றைய சரக்கு, நூத்தி நாப்பது."

"யாரோடது?"

"எங்க அப்பாவோடது."

அவன் விசைப்பலகையைத் தட்டினான். திரையைப் பார்த்தான். இன்னொரு தடவை தட்டினான்.

"இல்லையே" என்றான்.

"இல்லைன்னா?"

"கிடங்கு விதி தெரியும்ல? வெளியாகித் தொண்ணூறு நாளைக்குள்ள ஒரு மனுஷக் காதுகூடப் படலைன்னா ஒலியை அழிச்சிடுவோம். பிழிவு மட்டும்தான் இருக்கும். ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல வருது, எங்க வச்சிக்கிறது? இதுல பாருங்க." திரையை அவள் பக்கம் திருப்பினான். "செவியாள்கள்: இருநூத்திப் பதினாலு. மனுஷக் காது: சைபர். நேத்து மதியம் தொண்ணூறு நாள் முடிஞ்சிருக்கு."

"நேத்தா?"

"நேத்துதான்."

நேற்று மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். செய்ய ஒரு வேலையும் இல்லாமல், போரடித்துப்போய்த் தூங்கினாள்.

"அப்பாவுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? அழிக்கப்போறோம்னு?"

"எச்சரிக்கை போகும். எல்லாருக்கும் போகும். அதை அவரோட செவியாள் படிச்சு, 'கம்பெனி அறிவிப்பு, புதிய செய்தி இல்லை'ன்னு சொல்லியிருக்கும்." தௌபீக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "அப்படித்தான் சொல்லும். நாமதானே சொல்லிக் கொடுத்தோம்."

"அவர் போன்ல ஒரு நகல் இருக்காதா?"

"இருக்காது. பேசப் பேசவே நேரா இங்க ஏறிடும். போன்ல எதுவும் தங்காது."

"ஆனா கேட்டேன்னு அவருக்குக் காட்டியிருக்கு தௌபீக். பச்சை டிக் விழுந்திருக்கு. கடைசி வரைக்கும் கேட்டேன்னு காட்டியிருக்கு."

"செவியாள் கேட்டா நீங்க கேட்ட மாதிரிதானே கணக்கு? அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன், நீங்களும் இருந்தீங்க. பேசுறவங்களுக்குக் கேக்க ஆளில்லைன்னு தெரிஞ்சா பேசுறதை நிறுத்திடுவாங்க, அதனால டிக் போடலாம்னாங்க. எல்லாரும்தான் கை தூக்கினோம்."

அவள் தூக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. யோசிக்காமல் தூக்கினாள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அவள் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்று வருஷமாக அதனிடம் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"செவியாள், இன்றைய சரக்கு நூற்று நாற்பதில் நீ கழித்த முப்பத்தொரு நிமிடத்தில் என்ன பேசினார்?"

"பொருளுக்கு வெளியே உள்ள பேச்சு சேமிக்கப்படுவதில்லை" என்றது செவியாள். இனிமையான குரல். அந்தக் குரலைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் ஆகியிருந்தது.

"ஏதாவது ஒரு வார்த்தை? யார் பெயராவது வந்ததா?"

"சேமிக்கப்படவில்லை. வகை: குடும்பம். ஒலித்தரம்: இடையிடையே தெளிவில்லை."

"ஏன் தெளிவில்லை?"

"பேசுபவரின் மூச்சு ஒழுங்காக இல்லை. நீண்ட இடைவெளிகள் இருந்தன. இடைவெளிகளும் கழிக்கப்பட்டன."

தௌபீக் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். பெனிட்டா சத்தமில்லாமல் அழுதாள். அப்பா அந்தக் கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். அதை இந்த ஜடம் கேட்டிருக்கிறது. இருநூற்றுப் பதினாலு ஜடங்கள் கேட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து அவள் எழுதிக்கொடுத்த விதிப்படி அதை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கின்றன. வேறு யாரையும் திட்டக்கூட அவளுக்கு வழியில்லை.

"மீதி எல்லாம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் போயிடுச்சு. நூத்தி நாப்பது வரைக்கும் எதுலயும் மனுஷக் காது படலை." அவன் சட்டென்று திரும்பினான். "கடைசி ஒண்ணு இருக்கும். நூத்தி நாப்பத்தொண்ணு. அதுக்கு இன்னைக்கு எண்பத்திநாலாவது நாள். இன்னும் ஆறு நாள் இருக்கு."

அதன் பிழிவு அவளுக்கு நினைவிருந்தது. தீக்குச்சி மரம். எந்த நாட்டிலிருந்து வருகிறது, எவ்வளவு ஈரம் இருந்தால் குச்சி உடையாது. அதைப் பேசிய இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், லாரி ஒன்று மேடையில் ஏறி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடைச்சீட்டு கொடுக்காததால் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். இன்னாசிமுத்து நாற்காலியில் சாய்ந்தபடி போயிருந்தார்.

தௌபீக் ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே போய்விட்டான்.

முதலில் ஒரு தொண்டைச் செருமல். அடுத்தது கண்ணாடிக் கிளாஸை மேஜையில் வைக்கும் சத்தம். தூரத்தில் கப்பல் ஊதியது.

"ஓடுதா? ஓடுது. நேயர்கள் எல்லாருக்கும் எடமேட இன்னாசியோட வணக்கம். மாசாணம், அந்த ரேடியோவக் கொஞ்சம் கொறைல. ஆங். இன்னைக்கி நம்ம சரக்கு தீக்குச்சி மரம்."

பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். பிழிவில் மூன்று வரியாக வந்த விஷயத்தை அவர் பதினோரு நிமிடம் சொன்னார். கோவில்பட்டிக்கு மரம் ஏற்றிப்போகும் ஒரு டிரைவர் பீடி பற்றவைக்க எப்போதும் அடுத்தவனிடம்தான் தீப்பெட்டி கேட்பான் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, தண்ணீர் குடித்தார். ஒரு குச்சியை எடுத்து உரசிக் காட்டினார். யார் கண்ணுக்கும் படாது என்று தெரிந்தும், "பாருங்க, எப்பிடி நின்னு எரியுது" என்றார். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். இந்த மனிதரையா கல்நெஞ்சுக்காரர் என்று மூன்று வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தன்மேல் ஆத்திரம் வந்தது.

பிறகு அவர் சொன்னார்:

"சரி, சரக்கு எறங்கிட்டு. இனி வெறும் வண்டி."

பெனிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவளோடு பேச ஆரம்பித்திருப்பார். செவியாளுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. அந்த இடத்தில் சரியாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறது. முப்பத்தாறு வருஷப் பழக்கம் அவருக்கு. அதே பழக்கத்திலிருந்து விதி செய்தவள் அவள்.

"ஏட்டி பெனி" என்றது குரல், மெதுவாக. "இன்னைக்கு ஒங்கிட்ட பேச பெருசா ஒண்ணும் இல்ல. போன வாரம் அம்புட்டையும் சொல்லிட்டேன். ஒங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்த ஒம்பது நாளும் என்ன நடந்துது, நான் ஏன் அப்பிடிச் செஞ்சேன், அம்மா எங்கிட்ட என்ன கேட்டான்னு ஒண்ணு விடாம சொல்லிட்டேன். கல்லறைல நீ கேட்டப்பமே சொல்லிருக்கணும். வாய் வரல ட்டி. அத்தன பேரு நிக்காவ. அவ மொகத்த மூடி அர மணி நேரங்கூட ஆவல. அப்பறம் போன எடுப்பேன், நம்பரப் போடுவேன், வச்சிருவேன். இந்த மைக்குக்கு முன்னாலதான் எனக்கு வாய் வருது. நீ பேர் போட்டிருந்தேல்லா, அந்தத் தைரியத்துலதான் நூத்திநாப்பது வாரமும் பேசுனேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த இடைவெளியை அவள் முழுதாகக் கேட்டாள்.

"திங்கக்கெழம காலைல பாத்தேன். கடைசி வரைக்கும் கேட்டிருக்க. எனக்கு எப்பிடி இருந்துதுன்னு சொல்லத் தெரியல. நீ கோவமா இருக்கியா, அழுதியா, ஒண்ணும் தெரியாது. நீ பதில் சொல்லணும்னும் இல்ல. காது குடுத்தியே, அது போதும் எனக்கு. அதத் திரும்ப இன்னொரு வாட்டி சொல்லுததுக்கு எங்கிட்ட தெம்பு இல்ல மக்கா. ஒருக்கச் சொன்னது சொன்னதுதான். இந்த ஒரு வாரமா நல்லா ஒறங்குதேன். மூணு வருசத்துக்கப்பறம் இப்பந்தான் ராத்திரி முழுக்க ஒறங்குதேன்."

கிளாஸ் சத்தம்.

"சரி, டீ ஆறுது. அடுத்த வாரம் என்ன சரக்குன்னு தெரியல, எந்த வண்டி வருதோ பாப்பம். வச்சிரட்டா?"

ஒலி நின்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஏன் என்று இனி அவளுக்குத் தெரியப்போவதில்லை. அம்மா என்ன கேட்டாள் என்பதும் தெரியப்போவதில்லை. தெரிந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். சொல்லவேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரைக் குறை சொல்ல முடியாது.

வெளியே வந்தபோது தௌபீக் நடைவழியில் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் கீழே இறக்கினான். அவன் கண்ணும் சரியில்லை.

"எங்க உம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டே இருப்பாங்க. செவியாள் அதைப் பிழிஞ்சு 'நலம் விசாரிப்பு'ன்னு ஒரு வரி சொல்லும், நானும் விட்டுருவேன்" என்றான். "போன மாசத்து ஒண்ணைத் திறந்தேன். நாலு நிமிஷம். பாதிக்கு மேல மூச்சு வாங்குறாங்க. மாடி ஏற முடியலையாம்."

"ஊருக்குப் போயிட்டு வாங்க."

"போகணும்." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "உங்க அப்பா பேசுனதுல இப்ப ஒரு மனுஷக் காது பட்டுருச்சு. அது இனி அழியாது. ஆனா இந்த டிக் விஷயம் தப்பு பெனிட்டா. நாளைக்கே மேலிடத்துல பேசுறேன். செவியாள் கேட்டதுக்கெல்லாம் விழுந்த டிக்கை எடுத்துடணும். பேசுறவங்களுக்கு உண்மை தெரியட்டும்."

"பேசலாம். நானும் வரேன். வெற்றெடையை நிறுத்தச் சொல்லியும் நானே எழுதிக் கொடுக்கிறேன்."

"கேக்கமாட்டாங்க."

"தெரியும். எழுதிக் கொடுக்கிறேன்."

அவன் திரும்பத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். நூற்று நாற்பதாவது அத்தியாயம் இன்னும் திறந்தே இருந்தது. ஒலி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. கீழே இருநூற்றுப் பதினாலு பெயர்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். முதல் பெயர் அவளுடையது. பெனிட்டா இன்னாசிமுத்து, கடைசிவரை கேட்டார்.

"இதை நம்ம அளவுல இப்பவே சரி பண்ணிடலாம். உங்க அப்பா கணக்குதானே, வாரிசு நீங்க சரின்னா போதும்" என்றான் தௌபீக். "இருநூத்திப் பதினாலையும் எடுத்துடவா?"

"எடுத்துடுங்க" என்றாள் பெனிட்டா.

அவன் பட்டியலின் மேலே கையைக் கொண்டுபோனான்.

"முதல் பேரை மட்டும் விட்டுடுங்க தௌபீக்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அது பொய்யாச்சே பெனிட்டா."

"பொய்தான். இருக்கட்டும். எங்க அப்பா அதைப் பார்த்துட்டுத்தான் தூங்கினார்."